காலையில் மட்டும் காணாமல் போகும் க்ரப் மெனு

கேள்வி: வணக்கம் சார். வீட்டில் ஆறு வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் இருக்கிறது. 240 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதி உபுண்டு 22.04, மீதி டி, ஈ என்று இரண்டு டிரைவ். டி டிரைவில் பத்து வருடப் போட்டோ இருக்கிறது. ஒரு மாதமாகக் காலையில் சிஸ்டத்தைப் போட்டால், உபுண்டுவா விண்டோஸா என்று கேட்கும் க்ரப் மெனு வராமல் நேராக விண்டோஸுக்குப் போய்விடுகிறது. தேதியும் 2019 ஜனவரி 1 என்று காட்டுகிறது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் உபுண்டுவை முதலில் வைத்தால் அன்று ராத்திரி வரை ஒழுங்காக இருக்கிறது, மறுநாள் பழைய கதை. இது போதாதென்று போன ஞாயிறு முதல் உபுண்டுவும் திறப்பதில்லை. ஒன்றரை நிமிடம் போல நின்றுவிட்டு 'யூ ஆர் இன் எமர்ஜென்சி மோட்' என்கிறது. அன்றைக்கு நான் செய்ததெல்லாம், காலியாகக் கிடந்த ஈ டிரைவை விண்டோஸில் ஃபார்மேட் செய்ததுதான். ராத்திரி படுக்கும்போது சுவிட்ச் போர்டில் ஆஃப் செய்துவிடுவது வழக்கம். சர்வீஸ் கடையில் 'இரண்டு ஓஎஸ் வைக்கும் டூயல் பூட்டே இப்படித்தான், முழுக்க அழித்து விண்டோஸ் மட்டும் போட்டுத் தருகிறோம்' என்கிறார்கள். யூடியூபில் பூட்ரெக் என்ற விண்டோஸ் பழுதுபார்க்கும் கட்டளையை அடிக்கச் சொல்கிறார்கள். விண்டோஸ் அப்டேட் செய்த வேலையா? க்ரப்பை மறுபடி நிறுவினால் சரியாகுமா?
— கோவில்பட்டி வாசகர்

பதில்: எதையும் அழிக்க வேண்டாம். க்ரப்பையும் தொட வேண்டாம், அது நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் சிஸ்டத்தில் இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள். ஒரே மாதத்தில் வந்ததால் ஒரே வியாதி போலத் தெரிகிறது, அவ்வளவுதான். முதலாவது, மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்துவிட்டது. இரண்டாவது, ஈ டிரைவை ஃபார்மேட் செய்தது உபுண்டுவுக்குத் தெரியாது. அது இன்னும் பழைய ஈ டிரைவைத் தேடிக்கொண்டிருக்கிறது.

செல்தான் காரணமா என்று இன்று ராத்திரியே பைசா செலவில்லாமல் பார்த்துவிடலாம். பயாஸில் தேதியையும் பூட் வரிசையையும் சரிசெய்து சேமியுங்கள். பிறகு வழக்கம்போல ஷட்டவுன் செய்யுங்கள், ஆனால் சுவிட்ச் போர்டில் ஆஃப் செய்யாதீர்கள். கேபினெட்டின் பின்பக்கம் பவர் சப்ளையில் இருக்கும் சிறு சுவிட்சும் ஆனிலேயே இருக்கட்டும். காலையில் க்ரப் மெனு வந்து தேதியும் சரியாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், செல்தான். ராத்திரியில் கரண்ட் போய்வந்தால் மட்டும் இந்தச் சோதனை செல்லாது, மறுநாள் திரும்பச் செய்யுங்கள்.

காரணம் இது. ஷட்டவுன் ஆன பிறகும், சுவிட்ச் போர்டில் மின்சாரம் இருக்கும் வரை பவர் சப்ளை மதர்போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். பெரிய 24 பின் இணைப்பில் ஊதா நிற வயர் ஒன்று போகிறதே, அதன் வேலை அதுதான். ஷட்டவுன் செய்த பின்னும் லேன் கேபிள் செருகிய இடத்திலோ மவுஸிலோ விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த 5 வோல்ட்டில் எரிவது. கடிகாரமும் பயாஸ் அமைப்புகளும் அதிலேயே பிழைத்துக்கொள்ளும், செல்லுக்கு வேலையே இல்லை. நீங்கள் சுவிட்சை ஆஃப் செய்த நொடியில் பாரம் முழுக்கச் செல்லின் தலையில் விழுகிறது. தீர்ந்த செல்லால் அதைத் தாங்க முடியாது. காலையில் பயாஸ் விழித்துப் பார்க்கும்போது கையிருப்பு அமைப்புகள் குழம்பிக் கிடக்கும், உடனே தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். தேதியும் பயாஸில் பொதிந்து வைத்த தேதிக்குப் போய்விடும். பல மதர்போர்டுகளில் பூட் வரிசையும் அதோடு கலைந்து 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலிடத்துக்கு வந்துவிடும். பகலில் ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் ஒழுங்காக இருப்பதும் காலையில் மட்டும் கெடுவதும் இதனால்தான்.

கடைக்காரர் சொன்ன வைத்தியம் 'வேலை செய்யும்' என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் மட்டும் இருக்கும்போது க்ரப் மெனு காணாமல் போக வழியில்லை. தேதி மட்டும் தினமும் 2019-க்குப் போய், பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கை வரும். அப்போது அதற்குத் தனியாக ஒரு பில்.

செல் மாற்றுவது

கேட்டு வாங்க வேண்டியது சிஆர் 2032. 3 வோல்ட் லித்தியம் செல். எண்ணிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். 2025, 2016 என்று கொடுத்தால் வாங்காதீர்கள். விட்டம் ஒன்றுதான், கனம் குறைவு, சாக்கெட்டில் தொட்டும் தொடாமலும் உட்காரும். சார்ஜ் செய்யக்கூடிய எல்ஐஆர் 2032 கூடவே கூடாது, அதன் வோல்ட்டேஜ் அதிகம். கைக்கடிகாரக் கடை, எலக்ட்ரிக்கல் கடை எங்கும் கிடைக்கும். அட்டையிலிருந்து பிரித்துத் தரும் புத்தம் புது செல்லாக வாங்குங்கள், டப்பாவில் உதிரியாகக் கிடப்பதை எடுக்காதீர்கள். மல்டிமீட்டர் இருந்தால் பழைய செல்லை அளந்து பாருங்கள். புது செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.7-க்குக் கீழே போயிருந்தால் அது குப்பைக்கு.

கழற்றுவதற்கு முன் ஒரு காரியம் முக்கியம். பயாஸுக்குள் போய், எல்லாம் சரியாக வேலை செய்யும் ஒரு பகல் வேளையில், ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோட் என்ன (ஏஹெச்சிஐயா, ரெய்டா), பழைய பயாஸ் முறைக்கு வழிவிடும் சிஎஸ்எம் ஆனா ஆஃபா, கையொப்பமில்லாத சிஸ்டத்தைக் கிளம்பவிடாமல் தடுக்கும் செக்யூர் பூட் ஆனா ஆஃபா, இந்த மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பிறகு ஷட்டவுன் செய்து, பவர் கார்டைக் கேபினெட்டிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். பக்கவாட்டுத் தகடு பின்னால் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். செல் மதர்போர்டின் கீழ்ப்பாதியில், பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். சாக்கெட்டின் ஓரத்தில் ஒரு சிறு உலோக நாக்கு உண்டு. அதை வெளிப்பக்கமாகத் தள்ளினால் செல் தானாகத் துள்ளி எழும். ஸ்க்ரூ டிரைவரை அடியில் கொடுத்து நெம்பினால் நாக்கு உடையும், அல்லது பக்கத்திலுள்ள தடம் கீறிப்போகும். இரண்டுக்கும் பரிகாரம் செல்லை விடப் பல மடங்கு விலை. புது செல்லைக் கூட்டல் குறி மேலே தெரிய வைத்து அழுத்துங்கள், 'க்ளிக்' என்று உட்கார வேண்டும்.

இனிதான் அவசரப்படக் கூடாது. மூடிப் பவர் கொடுத்ததும் விண்டோஸுக்கு விடாதீர்கள். டெலீட் விசையை (சில போர்டுகளில் எஃப்2) தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் நுழையுங்கள். தேதி, நேரம் வையுங்கள். பிறகு மொபைல் படத்தைப் பார்த்து அந்த மூன்று அமைப்புகளையும் பழையபடி ஆக்குங்கள். சாட்டா மோட் மாறியிருக்க விண்டோஸ் கிளம்பினால் 'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை வரும். அதைப் பார்த்துவிட்டு எஸ்எஸ்டி போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. பயாஸில் அதே பழைய மோடுக்குத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போல விண்டோஸ் திறக்கும். கடைசியாகப் பூட் வரிசையில் 'உபுண்டு' முதலில், 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இரண்டாவது. எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள்.

சில போர்டுகள் பயாஸில் வைத்த வரிசையை மதிப்பதில்லை. உபுண்டு திறந்தபின், கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் 'சுடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' என்று அடித்துப் பாருங்கள். (கட்டளைகளையும் திரையில் வரும் வரிகளையும் ஒலிப்படி தமிழில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில்.) 'பூட்0000 விண்டோஸ் பூட் மேனேஜர்', 'பூட்0003 உபுண்டு' என்பதுபோல வரிகள் வரும், எண்கள் உங்களுக்கு வேறாக இருக்கலாம். அதே கட்டளையின் பின்னால் ஒரு சிறு கோடும் 'ஓ' எழுத்தும் சேர்த்து, இடம் விட்டு 0003,0000 என்று கொடுத்தால் வரிசை அங்கிருந்தே எழுதப்படும்.

எமர்ஜென்சி மோட்

இங்கே உங்கள் கடிதத்தில் தீர்ப்பு சொல்லும் வார்த்தை 'ஒன்றரை நிமிடம்'. உபுண்டு கிளம்பும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) எங்கே இணைக்க வேண்டும் என்று ஒரு பட்டியலைப் படிக்கும். 'இடிசி' அடைவில் இருக்கும் 'எஃப்எஸ்டேப்' என்ற கோப்பு அது. அதில் பார்ட்டிஷன்களுக்கு டி, ஈ என்று பெயர் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் யூயூஐடி என்ற அடையாள எண். விண்டோஸ் ஃபார்மேட் செய்யும்போது அந்த எண் புதிதாகப் பிறக்கிறது. பட்டியலில் இருப்பதோ பழைய எண். உபுண்டு அதைத் தேடி 90 நொடி காத்திருக்கும். கணக்குப் பார்த்தால் உங்கள் ஒன்றரை நிமிடம். கிடைக்காவிட்டால் 'முக்கியமான டிஸ்க் ஒன்றைக் காணோம்' என்று பதறி எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். அது முக்கியமில்லாத காலி டிரைவ் என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஹார்ட் டிஸ்க்கே சாகிறதோ என்று பயப்பட வேண்டாம். உபுண்டுவும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, டிஸ்க் செத்திருந்தால் எமர்ஜென்சி மோட் வரைகூட வந்திருக்காது. ஆனாலும் ஆறு வருட டிஸ்க். கை வைக்கும் முன் விண்டோஸில் நுழைந்து டி டிரைவின் போட்டோக்களை ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸ் நன்றாகத் திறக்கும்போது இதற்கு லைவ் பென் டிரைவ், ரெக்கவரி சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை.

இப்போது எமர்ஜென்சி திரையிலேயே சரிசெய்யலாம். கடைசி வரி எண்டரைத் தட்டச் சொல்லும், தட்டினால் ரூட் ப்ராம்ப்ட், அதாவது முழு அனுமதியுள்ள கட்டளை வரி, வரும். எல்லாம் விசைப்பலகை வேலைதான், கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் சிமிட்டும், பயப்படாதீர்கள். முதலில் காரணத்தை உறுதி செய்வோம். 'ஜர்னல்சிடிஎல்' எழுதி, இடம் விட்டு, சிறு கோடு, அதை ஒட்டி 'எக்ஸ்', 'பி' (பூட்டில் வரும் பி) என்ற இரண்டு எழுத்துகள் சேர்த்து எண்டர். பக்கம் பக்கமாக வரும் பதிவில் சிவப்பாக, 'டைம்ட் அவுட் வெயிட்டிங் ஃபார் டிவைஸ்' என்று ஒரு வரி இருக்கும், அதன் வாலில் ஓர் எண். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் ஆன டிரைவ் என்றால் இடையில் கோடில்லாத 16 எழுத்து எண்ணாக இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'க்யூ' அழுத்தினால் வெளியே வரலாம்.

அடுத்து, டிஸ்க்கில் எழுத அனுமதி வேண்டும்: 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /'. கடைசியில் இருக்கும் சாய்கோட்டுக்கு முன் இடம் விட மறக்காதீர்கள். பிறகு 'நானோ /இடிசி/எஃப்எஸ்டேப்'. கோப்பு திறக்கும். அதில் ஏழெட்டு வரிகள் இருக்கும். நீங்கள் எழுதி வைத்த எண்ணோடு தொடங்கும் வரியைக் கண்டுபிடித்து, அதன் முதல் எழுத்துக்கு முன்னால் # குறி போடுங்கள். அழிக்க வேண்டாம், # போட்ட வரியை உபுண்டு படிக்காமல் தாண்டிப் போய்விடும். வேறெந்த வரியையும் தொடாதீர்கள். தனிச் சாய்கோடு உள்ள வரிதான் உபுண்டுவின் உயிர். நடுவில் ஒரு கோட்டோடு எட்டெழுத்தில் குட்டியாக இருக்கும் எண், '/பூட்/இஎஃப்ஐ' வரிக்குரியது. இரண்டிலும் ஓர் எழுத்து தவறினாலும் வேறு வினை கூடும். கன்ட்ரோல்-ஓ, எண்டர், கன்ட்ரோல்-எக்ஸ். பிறகு 'சிஸ்டம்சிடிஎல் ரீபூட்'. உபுண்டு வழக்கம்போலத் திறக்கும்.

சில நிறுவல்களில் எண்டர் தட்டியதும் 'ரூட் அக்கவுன்ட் இஸ் லாக்ட்' என்று கையை விரித்துவிடும். அப்படியானால் 8 ஜிபி பென் டிரைவில் உபுண்டு ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்பை) ரூஃபஸ் என்ற விண்டோஸ் செயலி கொண்டு எழுதி, அதிலிருந்து கிளம்பி 'ட்ரை உபுண்டு' தேர்ந்தெடுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் உபுண்டு பார்ட்டிஷனை ஃபைல்ஸில் சொடுக்கித் திறந்து, அதற்குள் இருக்கும் 'இடிசி' கோப்புறைக்குள் போய் அதே கோப்பை ரூட் அனுமதியோடு திருத்த வேண்டும். வேலை ஒன்றுதான். கவனம்: லைவ் உபுண்டுவுக்கும் தனியாக ஓர் எஃப்எஸ்டேப் உண்டு, அதைத் திருத்திவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று விழிப்பது வழக்கமான தவறு.

ஈ டிரைவ் திரும்பவும் தானாக இணைய வேண்டுமென்றால் கையால் வரி எழுத வேண்டியதில்லை. உபுண்டுவில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, ஈ பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, பல்சக்கரப் பட்டனில் 'எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ்'. 'யூசர் செஷன் டிஃபால்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்தால் மற்றவை திறக்கும். அதுவே புது எண்ணை எடுத்துக்கொள்ளும். 'நோஃபெயில்' என்ற சொல்லையும் வரியில் அதுவே சேர்க்கும், இல்லையென்றால் நீங்கள் சேர்த்துவிடுங்கள். 'இந்த டிரைவ் இல்லாவிட்டாலும் கிளம்பு' என்று உபுண்டுவுக்குச் சொல்வது அந்த ஒரு சொல்தான். உங்கள் பழைய வரியில் அது இல்லாததுதான் ஞாயிற்றுக்கிழமைத் தொல்லைக்கு மூலம். டி டிரைவின் வரியிலும் 'டிஃபால்ட்ஸ்' என்பதை அடுத்து ஒரு காற்புள்ளி போட்டு, இடம் விடாமல் இதைச் சேர்த்துவிடுங்கள். முடித்ததும் ரீபூட் செய்யும் முன் 'சுடோ மவுன்ட் -ஏ' அடித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே வாயைத் திறக்கும், அடுத்த முறை கறுப்புத் திரையில் போய் நிற்க வேண்டாம்.

டி டிரைவுக்கு இன்னொரு கண்ணி உண்டு, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது ஆனில் இருந்தால் 'ஷட்டவுன்' என்று நீங்கள் சொல்வதை விண்டோஸ் பாதித் தூக்கமாகத்தான் எடுத்துக்கொள்ளும். டிரைவ்களை முழுதாக விடுவிக்காது. உபுண்டு அந்த டிரைவை எழுத முடியாத நிலையில் திறக்கும், அல்லது இணைக்கவே மறுக்கும். இப்படி மறுக்கும்போது 90 நொடிக் காத்திருப்பு இருக்காது, டிரைவ் கண்முன்னே இருப்பதால் எமர்ஜென்சி மோட் உடனே வரும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்தால் அடுத்த முறை காரணம் தேடும் நேரம் மிச்சம். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' என்று போய் அதை எடுத்துவிடலாம். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்' என்று அடித்தால், நினைவகத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட் வசதியே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்போடு சேர்ந்து போய்விடும், கூடவே 240 ஜிபி எஸ்எஸ்டியில் சில ஜிபி இடமும் திரும்பக் கிடைக்கும். டெஸ்க்டாப்பில் ஹைபர்னேட்டுக்குப் பெரிய தேவை இல்லை என்பதால் இரண்டாவது வழியே மேல்.

பூட்ரெக், க்ரப், அப்டேட்

யூடியூப் சொல்லும் 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' டிஸ்க்கின் முதல் செக்டரில் எழுதும் கட்டளை. பழைய பயாஸ் முறை சிஸ்டம்களில் க்ரப்பின் தலைப்பகுதி அங்கேதான் இருக்கும், அடித்தால் க்ரப் அழியும். உங்களுடையது யூஇஎஃப்ஐ, அதாவது பயாஸின் புதிய வடிவம். எப்படித் தெரியும் என்றால், பூட் பட்டியலில் 'உபுண்டு' என்ற பெயரே தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய முறையில் டிஸ்க்கின் மாடல் பெயர்தான் தெரியும். யூஇஎஃப்ஐ அந்த முதல் செக்டரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆக, பழைய சிஸ்டத்தில் அது கெடுதல், உங்கள் சிஸ்டத்தில் வீண்.

யூஇஎஃப்ஐ பார்ப்பது ஈஎஸ்பி என்ற சிறு பார்ட்டிஷனை. விண்டோஸ் உருவாக்கியதென்றால் பெரும்பாலும் 100 எம்பி. விண்டோஸுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுவுக்கு ஒரு கோப்புறை, இரண்டும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டு டிஸ்க் உள்ள சிஸ்டத்திலும் உபுண்டு நிறுவி தன் கோப்புறையை முதல் டிஸ்க்கின் ஈஎஸ்பியில் கொண்டுபோய் வைத்துவிடுவது சகஜம். உங்களுடையதும் எஸ்எஸ்டியில்தான் இருக்கக்கூடும். பின்னால் எஸ்எஸ்டியை மாற்றும் எண்ணம் இருந்தால் இதை மறக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் உபுண்டு முழுசாக இருந்தும் கிளம்பாமல் நிற்கும்.

க்ரப் உண்மையிலேயே கெட்டிருந்தால் பெரும்பாலும் விண்டோஸுக்கு நேராகப் போகாது. கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று ஒரு ப்ராம்ப்ட் வந்து நிற்கும். பார்ட்டிஷனை அழித்ததாலோ எண் மாறியதாலோ தன் கோப்புகள் எங்கே என்று அதற்குத் தெரியாத நிலை அது. 'எல்எஸ்' அடித்தால் (ஹெச்டி0,ஜிபிடி5) என்பதுபோலப் பார்ட்டிஷன்களின் பட்டியல் வரும். எதில் 'பூட்/க்ரப்' இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து, 'செட் ப்ரிஃபிக்ஸ்=' என்பதற்குப் பின் அந்த அடைப்புக்குறியும் /பூட்/க்ரப் என்ற பாதையும் கொடுத்து, 'இன்ஸ்மாட் நார்மல்', 'நார்மல்' என்று இரண்டு வரி. மெனு வந்துவிடும். உள்ளே போனதும் 'சுடோ க்ரப்-இன்ஸ்டால்', 'சுடோ அப்டேட்-க்ரப்'. க்ரப்பை மறுபடி நிறுவ வேண்டிய இடம் அது. மெனு வருகிறது, விண்டோஸ் பெயர் மட்டும் அதில் இல்லை என்பது வேறு பிரச்சினை. க்ரப் 2.06-லிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே ஆஃபில் இருக்கிறது. '/இடிசி/டிஃபால்ட்/க்ரப்' கோப்பில் 'க்ரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்' என்று சேர்த்து (சமக்குறிக்கு முன்னால் எல்லாம் பெரிய எழுத்தில்), 'அப்டேட்-க்ரப்' ஓட்டினால் போதும்.

அப்டேட்டின் மேல் சந்தேகப்பட்டதில் தப்பில்லை, அதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட், க்ரப்பில் இருந்த பழைய பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைப்பதற்காக, செக்யூர் பூட்டுக்கு எஸ்பாட் என்ற தடைப்பட்டியலைப் புதுப்பித்தது. டூயல் பூட் சிஸ்டங்களைத் தொடாது என்று சொல்லப்பட்டும் பலருடைய லினக்ஸ் (உபுண்டுவும் அதில் ஒரு வகை) அன்றோடு நின்றது. ஆனால் அதன் முகம் வேறு: 'வெரிஃபையிங் ஷிம் எஸ்பாட் டேட்டா ஃபெயில்ட்: செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று ஒரு வரி வந்து சிஸ்டம் தானாக அணைந்துவிடும். இது வருபவர்கள் பயாஸில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்து உபுண்டுக்குள் போய், 'சுடோ மோக்யூடில்' கட்டளையை இரட்டைக் கோடு, 'செட்-எஸ்பாட்-பாலிசி டெலீட்' என்ற சேர்க்கையோடு கொடுத்து, ஒருமுறை உபுண்டுவுக்கே ரீபூட் செய்து, பிறகு செக்யூர் பூட்டை ஆன் செய்யலாம். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் செக்யூர் பூட்டைத் தொடும் முன் 48 இலக்க ரெக்கவரி எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் வாசலிலேயே நிறுத்திவிடும். உங்கள் திரையில் இந்த வரி வராததால் அப்டேட்டை விடுவித்துவிடலாம். தினம் ராத்திரி ஆஃப் செய்த பின்தான் கெடுகிறது என்பதும் அப்டேட்டுக்குப் பொருந்தவில்லை.

செல் மாற்றிய பிறகு ஒரு புதுச் சந்தேகம் வரலாம். உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பின்னால் ஓடும். புது செல்லும் கெட்டுவிட்டதா என்று யோசிக்காதீர்கள். துல்லியமாக ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்றால் அது நம் நேரத்துக்கும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி. மதர்போர்டு கடிகாரத்தில் உபுண்டு யூடிசியை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமென்று படிக்கிறது. உபுண்டுவில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று ஒருமுறை கொடுத்தால் இருவரும் ஒரே நேரத்துக்கு வந்துவிடுவார்கள். இது பரிந்துரைக்கப்படாத அமைப்பு என்று உபுண்டு பின்னர் முணுமுணுக்கும். இந்தியாவில் கோடை நேர மாற்றம் கிடையாது, கண்டுகொள்ள வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்கின் ஆரோக்கியத்தையும் இதோடு பார்த்துவிடுங்கள். அதே 'டிஸ்க்ஸ்' செயலியின் மெனுவில், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட் டேட்டா' இருக்கிறது. அதில் 5, 197 என்ற எண்ணுள்ள இரண்டு வரிகளின் மதிப்பும் சுழியமாக இருக்க வேண்டும். 197 ஏறியிருந்தால் படிக்க முடியாத செக்டர்கள் சேர்கின்றன, டிஸ்க்கை மாற்றும் நேரம். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைக் குறை சொல்லாமல் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

செல் மாற்றியும் சுவிட்சை ஆஃப் செய்த மறுநாள் காலையில் 2019 வந்து நின்றால், முதலில் செல்லை எடுத்துத் திரும்ப அழுத்தி வையுங்கள், உலோக நாக்கு சரியாகத் தொடாமல் இருக்கலாம். அடுத்து, செல்லுக்குப் பக்கத்தில் 'க்ளியர் சிமாஸ்' என்று எழுதிய மூன்று பின் ஜம்பரைப் பாருங்கள். இரண்டு பின்களை இணைக்கும் சிறு தொப்பி, அழிக்கும் பக்கத்துப் பின்களில் மாட்டியிருந்தால் எந்த செல்லைப் போட்டாலும் நினைவு நிற்காது. எது அழிக்கும் பக்கம் என்று மதர்போர்டின் கையேட்டில் இருக்கும். சில போர்டுகளில் இரண்டே பின், அதில் தொப்பியே இருக்கக் கூடாது.